பூட்டிய கதவில் ஓர் அழைப்பாணை

மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூரு செல்லும் ரயிலைப் பிடிக்க, கோலார் தங்க வயலின் உழைப்பாளர்கள் விடியுமுன்பே வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்புகின்றனர், திரும்புவது இரவில். நீதிமன்ற ஊழியர் அழைப்பாணையுடன் வருவதோ பகலில். உரிய முயற்சிக்குப் பின்னும் ஆள் கிடைக்கவில்லையெனில் நகலைக் கதவில் ஒட்டிச் செல்ல உரிமையியல் நடைமுறைச் சட்டம் இடமளிக்கிறது. அந்தத் தாள் கன்னடத்தில் இருக்கும், அல்லது ஆங்கிலத்தில். தமிழ்ப் பள்ளியில் படித்துச் சுரங்கத்தில் இறங்கிய தலைமுறைக்கு இரண்டும் ஒன்றுதான்.

2001 பிப்ரவரி 28உடன் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. கூலி நின்ற வீடுகளுக்குள் மகளிர் குழுக் கடன், தனிநபர் கடன், கந்துவட்டி என ஒன்றை அடைக்க மற்றொன்று நுழைந்தது. வசூல் முகவர்களின் அட்டூழியத்தைக் கட்டுப்படுத்த 2025 பிப்ரவரியில் கர்நாடக அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. பிறகு அது சட்டமாகவும் ஆனது. ஆனால் ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்ற நிறுவனங்கள் அதன் வரம்புக்கு வெளியே நிற்கின்றன. அவை வழக்குத் தொடுக்கத் தடையேதும் இல்லை.

அழைப்பாணையைக் கண்டு அஞ்சி அதை மடித்து வைத்துவிடுவதே கடன்பட்டவர் செய்யும் பெருந்தவறு. அது கிடைத்த 30 நாட்களுக்குள் எதிருரை தாக்கல் செய்ய வேண்டும்; தக்க காரணம் காட்டினால் நீதிமன்றம் 90 நாள் வரை நீட்டிக்கலாம். வாய் திறக்காதிருந்தால் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வரும். கேட்ட தொகை கேட்டபடியே கடனாகிவிடும். அழைப்பாணை முறையாகச் சேரவில்லையெனில், தீர்ப்பை அறிந்த 30 நாட்களுக்குள் அதை நீக்கக் கோரலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

பதில் சொல்வதென்றால் வாங்கிய கடனை இல்லையென்று மறுப்பதல்ல. வாங்கியது எவ்வளவு, கட்டியது எவ்வளவு, மேலே ஏறியது வட்டியா அபராதமா என்று கணக்குக் கேட்பது. கடைசியாகக் கட்டி மூன்றாண்டு கடந்த கடனா என்று பார்ப்பது. (பழைய கடனுக்கு ‘சும்மா ஒரு கையெழுத்து’ கேட்டு வருபவரின் அவசரம் இங்கேதான் புரிகிறது: காலவரையறை முடியுமுன் கிடைக்கும் அந்தக் கையெழுத்து கடனுக்குப் புதிய ஆயுள் தருகிறது.) கட்ட வேண்டியதே என்றாலும் தவணை கேட்க வழியுண்டு.

‘போலீஸ் வரும், ஜெயிலில் போடுவார்கள்’ என்ற மிரட்டலுக்கும் சட்டத்தில் பதில் உண்டு. பணத் தீர்ப்பை நிறைவேற்றப் பெண்களைக் கைது செய்ய இயலாது. உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, தொழிற்கருவி, கூலியாட்களும் வீட்டுப் பணியாளரும் பெறும் ஊதியம் ஆகியவற்றை ஜப்தி செய்ய முடியாது. வறுமையால் கட்ட இயலாதவரைச் சிறையிலடைப்பது அரசமைப்புக்கு முரண் என 1980இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அதை எழுதியவர் 1957இன் கேரளக் கம்யூனிஸ்ட் தலைமையிலான அமைச்சரவையில் இருந்த வி.ஆர்.கிருஷ்ணய்யர். காசோலை திரும்பிய வழக்கு மட்டும் வேறு: அது குற்ற வழக்கு, அறிவிப்பு கிடைத்த 15 நாட்களுக்குள் பணம் கட்டியாக வேண்டும்.

இத்தனை பாதுகாப்பும் படிக்கத் தெரிந்தவருக்கே. ஆங்கில ஆவணத்துக்கு மொழிபெயர்ப்புக் கேட்கச் சட்டம் உரிமை தருகிறது. ஆனால் நீதிமன்ற மொழியில், அதாவது கன்னடத்தில். மொழிச் சிறுபான்மையினர் பெருந்திரளாய் வாழும் ஊரில் இது எந்த வகை நியாயம்? சுரங்கத் தொழிலாளரின் நிலுவைக்கும் குடியிருப்பு உரிமைக்கும் கால் நூற்றாண்டாய் முழுப் பதில் சொல்லாத ஒன்றிய அரசின் கதவில் எவரும் எதையும் ஒட்டவில்லை.

பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் வருமானம் பாராது இலவச வழக்கறிஞர் அளிக்கச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் கடமைப்பட்டுள்ளது. தங்க வயலின் குடும்பங்களில் பெரும்பாலானவை இவ்விரு பிரிவுக்குள் வருபவை. அழைப்பாணையுடன் ஒரு தமிழ்ச் சுருக்கமும், இலவச வழக்கறிஞரை எங்கே அணுகுவது என்ற ஒரு வரியும் இணைக்கப்பட வேண்டும். ரயிலேறுவோர் வீட்டிலிருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் சட்ட உதவி முகாம் நடக்க வேண்டும். அதுவரை தொழிற்சங்க அலுவலகங்களே ஞாயிறுதோறும் கதவைத் திறந்து வைத்து, அந்தத் தாள்களைப் படித்துச் சொல்லட்டும்.