எண்ணப்படாத எறிகள்

விளையாட்டுக்களங்களிலே ஆரவாரம் ஓரிடத்தும் உழைப்பு வேறோரிடத்தும் இருத்தல் உண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் உயர்நிலைப்பள்ளிகளில் பேஸ்பால் என்னும் பந்தாட்டம் நடைபெறும்போது, காண்போர் கண்களெல்லாம் களத்தின் நடுவேயுள்ள மேட்டின்மீது நிற்கும் இளைஞன்மேற் பதிந்திருக்கும். அவனே பந்தெறிவோன். அவன் கையினின்று பந்து புறப்படாதவரை ஆட்டம் அசையாது. ஆயின், அவன் அம்மேட்டின்மீது ஏறுதற்குச் சிறிது நேரம் முன்னர், எல்லைக்கோட்டிற்கு அப்பால் ஒரு மூலையிலே குந்தியிருந்து அவன் எறிந்த பந்துகளையெல்லாம் ஏற்றுக்கொண்டிருந்த மற்றோர் இளைஞன் உளன். ஆட்டம் தொடங்கியபின் இவன் பெயர் எவர் நாவிலும் எழுவதில்லை. ஆட்டக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை. இவனைக் குறித்தே சில கூறப் புகுகின்றேன்.

நம்மவர் கிரிக்கெட்டை அறிந்த அளவு பேஸ்பாலை அறியார். ஆதலின் சிறிது விளக்குதல் வேண்டும். எறிவோன் நிற்கும் மேடு 10 அங்குல உயரம் உடையது. அங்கிருந்து 60 அடி 6 அங்குலத் தொலைவில் 17 அங்குல அகலமுள்ள ஒரு தட்டு நிலத்திற் பதிக்கப்பட்டிருக்கும். அத்தட்டின் பக்கத்தே மட்டையேந்தி ஒருவன் நிற்பான்; அவன் பின்னே, முகக்கவசமும் மார்புக்கவசமும் பூண்டு, பெரிய தோலுறையை விரித்துக் குந்தியிருப்பவன் ஏற்போன். கிரிக்கெட்டின் விக்கெட் காப்போனைப் போல்வான் எனினும் இவன் பொறுப்பு அவனுடையதினும் பெரிது. எவ்வகைப் பந்தினை எப்பக்கம் எறிதல் வேண்டுமென்று விரற்குறியாற் சொல்பவன் இவனே. எறிவோன், ஏற்போன் என்ற சொற்கள் செவிக்கும் இணையாகவே அமைந்துவிட்டன. எறிவோர் ஆட்டத்திற்கு முன் கையைப் பதப்படுத்திக்கொள்ளும் மூலைக்குப் புல்பென் என்று பெயர். காளைப்பட்டி என்பது அதன் நேர்ப்பொருள். இப்பெயர் எங்ஙனம் வந்ததென்பதில் அந்நாட்டாரே ஒத்த கருத்துடையரல்லர். அப்பட்டியில் அமர்ந்து பந்தேற்பவனே புல்பென் ஏற்போன். தொழின்முறைக் குழுக்களில் இவன் ஊதியம் பெறும் பணியாளன். பள்ளிகளிலோ, தலைமை ஏற்போனாகத் தேர்ந்தெடுக்கப்படாத மாணவனே இவ்வேலையைச் செய்கின்றான்.

‘பந்தைப் பிடித்துத் திருப்பி எறிவதில் என்ன அருமை இருக்கின்றது?’ என்று வினவுவோர் உளர். ஒரு வலை கட்டிவிட்டால் அதுவே போதுமென்று சொல்லும் பயிற்றாசிரியரும் உண்டாம். அவர்கள் கூற்று எனக்கு உடன்பாடன்று. புல்பெனில் நிகழ்வதைச் சற்றே கூர்ந்து நோக்குவோம்.

எறிவோன் வந்தவுடன் முழு வலிமையோடு எறியத் தொடங்குவானல்லன். முதலில் குறைந்த தொலைவில் நின்று மெல்ல எறிவான். ஏற்போன் அப்போது நின்றவாறே பந்தைப் பெறுவான். கை சூடேறச் சூடேறத் தொலைவு வளர்ந்து முழு அளவை எட்டும். அதன்பின்னரே ஏற்போன் தட்டின் பின் குந்துவான். முதலில் நேரே விரையும் பந்துகள், தட்டின் இப்புறம் சில, அப்புறம் சில. பின்னர் வேகம் குறைத்து ஏமாற்றும் பந்து. அதன்பின் வளைந்திறங்கும் பந்து. இறுதியில் ஓட்டக்காரன் ஒருவன் முதற்றளத்தில் நிற்பதாகப் பாவித்து, கையை உயரத் தூக்காமல் சுருங்க எறிவன சில. இவற்றுள் ஒவ்வொன்றிற்கும் தோலுறை எங்கே நிற்க வேண்டுமோ அங்கே அசையாது நிற்றல் வேண்டும். குறி அசையுமாயின் எறிவோன் கண்ணும் அசையும்.

வளைந்திறங்கும் பந்தைப் பற்றித் தனியே ஒரு சொல். மட்டையாளனை ஏமாற்றவேண்டின் அப்பந்து தட்டின் முன்னே மண்ணைத் தொடும் அளவுக்குத் தாழ வேண்டும். மண்ணில் மோதிய பந்து எப்பக்கம் துள்ளுமென்று யாரும் சொல்ல இயலாது. ஏற்போன் முழங்காலிட்டு, முகவாயைத் தாழ்த்தி, மார்பால் அதனைத் தடுக்க வேண்டும். புல்பென்தானே என்று அவன் சோம்பிக் கையை மட்டும் நீட்டுவானாயின், பந்து வேலிவரை ஓடும். எறிவோன் காத்து நிற்பான். இவ்வாறு இருமுறை நிகழ்ந்தால், மூன்றாம் முறை அவன் தன்னை அறியாமலே பந்தைச் சற்று உயர்த்தி எறிவான். அவ்வுயரப் பந்தே ஆட்டத்தில் மட்டையாளனுக்கு விருந்தாகும். நம்பி எறிவதற்கு ஒரு மார்பு எதிரே இருத்தல் வேண்டும் என்பதனை எவ்வலையும் கற்பிக்க மாட்டாது.

மற்றொரு குற்றமும் ஈண்டுக் குறிக்கத்தக்கது. தட்டிற்குப் புறத்தே வந்த பந்தைத் தோலுறையால் உள்ளே இழுத்து, ‘நன்று, நன்று’ என்று கூவும் ஏற்போர் பலர். ஆட்டத்தில் நடுவர் கண்ணுக்கு அஃது ஒரு கலையாக இருக்கலாம். அதன் நியாயத்தைப் பற்றி இங்கே வழக்காட வேண்டா. புல்பெனிலோ நடுவர் இல்லை. ஏமாறுபவன் எறிவோன் ஒருவனே. நான்கு விரற்கடை புறத்தே சென்றதை உள்ளே சென்றதாக நம்பி மேடேறுபவன், முதல் மட்டையாளனிடத்தே உண்மையை அறிந்துகொள்கின்றான். புகழ்ந்து கெடுக்கும் நண்பன், இகழ்ந்து திருத்தும் பகைவனினும் கொடியன் என்று சொல்லத் தோன்றுகின்றது.

ஜப்பான் நாட்டிலே புல்பென் ஏற்போனைச் ‘சுவர்’ என்று வழங்குவர். எறிந்த பந்தைத் திருப்பித் தருவதால் இப்பெயர் வந்தது. அந்நாட்டில் பள்ளி மாணவரின் பேஸ்பாற் போட்டி 1915-ஆம் ஆண்டில் தொடங்கிற்று. 1924-இல் திறக்கப்பெற்ற கோஷியன் அரங்கில் ஒவ்வொரு கோடையிலும் நடைபெறும் அப்போட்டியை நாடு முழுவதும் ஒரு திருவிழாவைப்போற் பார்க்கின்றது. 1998-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 20-ஆம் நாள், யோக்கோஹாமா உயர்நிலைப்பள்ளியின் மட்சுசாகா டைசுகே என்னும் மாணவன் 17 இன்னிங்ஸ் வரை ஒருவனாகவே நின்று 250 எறிகள் எறிந்தான். 2018-ஆம் ஆண்டில் அகிட்டா நாட்டுப்புறத்துக் கனாஅஷி வேளாண்மைப் பள்ளியின் யோஷிடா கோசெய் ஒரே கோடைப் போட்டியில் 881 எறிகள் எறிந்தான். இவ்வெண்களை மக்கள் வீரக்கதைபோல் எடுத்தோதுகின்றனர். இவற்றுள் ஆட்டத்திற்கு முன்னும், இன்னிங்ஸுகளுக்கு இடையிலும் எறிந்த பந்துகள் சேரவில்லை. அவற்றை யார் எண்ணினார்? சுவர் எண்ணுமோ?

இதுவே என் கட்டுரையின் நடுப்பொருள். மனிதக் கையின் முழங்கை மூட்டில், உட்புறத்தே, இரு எலும்புகளைப் பிணைக்கும் சிறு தசைநார் ஒன்று உண்டு. விரைவாக எறியுந்தோறும் அதன்மேற் பெருஞ்சுமை ஏறுகின்றது. சுமை மிகுந்து, ஓய்வு குறைந்தால் அது நைந்து கிழியும். 1974-ஆம் ஆண்டு பிராங்க் ஜோப் என்னும் மருத்துவர், டாமி ஜான் என்ற எறிவோனுக்கு வேறிடத்து நாணை எடுத்து அங்கே கட்டி அறுவை செய்தார். அன்றுமுதல் அவ்வறுவைக்கு நோயாளியின் பெயரே வழங்கலாயிற்று. அக்காலத்தில் முதிர்ந்த தொழின்முறை ஆட்டக்காரர்க்குச் செய்யப்பட்ட அவ்வறுவை பின்னர்ப் பள்ளிச் சிறுவர்க்கும் வேண்டுவதாயிற்று. இந்நிலையைக் கண்டு அமெரிக்கர் விதிகள் வகுத்தனர். 17, 18 வயதினர் ஒரு நாளில் 105 எறிகளுக்கு மேல் எறியலாகாது. 81-உம் அதற்கு மேலும் எறிந்தால் நான்கு நாள் ஓய்வு கொள்ள வேண்டும் என்று 2014-இல் அறிவுரைகள் வெளியாயின. 2017-ஆம் ஆண்டின் ஆட்டப் பருவமுதல் ஒவ்வொரு மாநிலத்துப் பள்ளிச் சங்கமும் எறிகளின் தொகைக்கு வரம்பு கட்டுதல் கடனாயிற்று. ஜப்பானியரும் ஒரு வாரத்தில் 500 எறிகள் என்ற எல்லையை 2020-இல் வகுத்தனர்.

நல்ல விதிகளே. ஆனால் இவ்விதிகளெல்லாம் ஆட்டத்தில் மட்டையாளனை நோக்கி எறிந்த பந்துகளையே எண்ணுகின்றன. புளோரிடா மாநிலத்து ஆறு உயர்நிலைப்பள்ளிகளில் 115 ஆட்டங்களைத் தொடர்ந்து நோக்கிய ஓர் ஆராய்ச்சி 2018-இல் வெளிவந்தது. ஆட்டந் தொடங்கும் எறிவோன் ஒருவன் அந்நாளில் எறிந்தவை சராசரி ஏறத்தாழ 120. ஆட்டத்திலே எண்ணப்பட்டவை ஏறத்தாழ 69. அஃதாவது நூற்றுக்கு 42 எறிகள் எந்த ஏட்டிலும் இல்லை! முழங்கையின் நார் ஏட்டைப் பார்த்துத் தேய்வதில்லை. இனி, மாற்று எறிவோனின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. ‘ஆயத்தமாகு’ என்று பயிற்றாசிரியர் கைகாட்டுவார், அவன் எழுந்து இருபது பந்து எறிவான், ஆட்டம் திருந்திவிடும், அமர்வான். அடுத்த இன்னிங்ஸில் மீண்டும் கைகாட்டுவார், மீண்டும் இருபது. ஒருகால் அன்று அவன் களத்தில் இறங்காமலே வீடு செல்வான். கணக்கேட்டின்படி அவன் எறிந்தவை சுழி. மறுநாள் முழு ஆட்டமும் எறிய அவனுக்கு விதி இடங்கொடுக்கும்.

இவ்விருபதையும் அவ்விருபதையும் தன் உள்ளங்கை எரிய ஏற்றவன் ஒருவன் உளனன்றோ? அவனே எண்ணுதற்கு உரியவன். தோளின் சோர்வை முதலில் அறிபவனும் அவனே. நேற்று உறையில் ‘டப்’ என்று ஒலித்த பந்து இன்று மெத்தென்று விழுவதும், கை சிறிது தாழ்ந்து வருவதும், எறிந்தபின் நண்பன் முழங்கையை மெல்ல உதறிக்கொள்வதும் குடிலில் அமர்ந்திருக்கும் பயிற்றாசிரியர் கண்ணுக்குப் புலனாகா.

ஈண்டு ஒரு தடை எழும். ‘சொல்லாதே’ என்று எறிவோன் கேட்டுக்கொள்வான். பல்கலைக்கழகத்தார் அவனைப் பார்க்க வந்திருக்கும் நாளாயின் இன்னும் கெஞ்சுவான். பதினாறு வயதுச் சிறுவன் தன் தோழனைக் காட்டிக்கொடுப்பதா? இத்தடையை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். தோழமையின் இனிமையை மாணவராகிய நாம் அறிவோம். ஆயினும் சொல்லுதலே முறை என்பது என் துணிபு. அப்பருவத்தில் கிழிந்த நார், அப்பிற்பகலின் வெற்றியால் ஒட்டுவதில்லை. ஆனால் அக்கடினத்தை அச்சிறுவன் தலைமேற் சுமத்துதல் பெரியோர் செய்யும் பிழை. எறிகளை எண்ணுதலும், கண்டதை உரைத்தலும் புல்பென் ஏற்போனின் வேலை என்று பருவத்தின் முதல்நாளிலேயே எல்லார் முன்னும் பயிற்றாசிரியர் சொல்லிவிடுவாராயின், பின்னர் அவன் உரைப்பது கோளாகாது, கடனாகும்.

கடன் கொடுப்பவர் உரிமையும் கொடுத்தல் வேண்டும். பல பள்ளிகளிலே இவ்விளைஞனுக்கு உரியதாகச் சீரான கவசமும் இல்லை. தலைமை ஏற்போன் கழற்றிவைத்த பழையதே இவனுக்கு வரும். விதியோ, பந்தேற்கும் மாணவன் எவனாயினும் தலைக்காப்பும் கழுத்துக்காப்புள்ள முகக்கவசமும் அணிந்தே தீரவேண்டும் என்கின்றது. எல்லைக்கோட்டின் ஓரத்தே திறந்தவெளியில் புல்பென் அமைந்த களங்களில், மட்டையினின்று தெறித்துவரும் பந்து முதுகில் தாக்காவண்ணம் காவலுக்கு ஒருவனை நிறுத்துதலும் வேண்டும், அதனையும் மறந்துவிடுகின்றனர். விடுதிக் கிரிக்கெட்டில் இரண்டாண்டு பன்னிரண்டாம் ஆளாக இருந்து, பிறர்க்குத் தண்ணீர் சுமந்தவன் நான். ஆதலின் இவ்வகை மறதிகள் எனக்குச் சிறியனவாகத் தோன்றவில்லை.

ஆட வேண்டுமென்னும் ஆவலும் அவனுக்கு உண்டு. பருவம் முழுவதும் பிறர் பந்தை ஏற்று, ஒரு முறையும் மட்டை ஏந்தாமல் நாளைக் கழிப்பவன் அடுத்த ஆண்டு வருவானல்லன். வாரத்தில் ஓர் இன்னிங்ஸாவது, வலிமை குறைந்த அணியோடு ஆடும் நாளிலாவது, அவனைத் தட்டின் பின்னே இருத்துதல் கூடாதோ? பள்ளி ஆட்டத்தில், தளத்தை எட்டிய ஏற்போனுக்காக, ஆட்டத்திற் சேராத ஒருவன் ஓடலாம் என்றொரு சலுகை உண்டு. ஏற்போன் கவசம் பூணக் காலம் கிடைக்கட்டும் என்று அதனை வகுத்தனர். அவ்வோட்டத்தையேனும் இவனுக்கு அளிக்கலாம். கணக்கேட்டிலோ மாற்றம் பெரிதாக வேண்டா. எறிவோன் பெயருக்கு எதிரே ஆட்டத்தில் எறிந்தவை என்று ஒரு பத்தி இருக்கின்றது. அதன் பக்கத்தே புல்பெனில் எறிந்தவை என்று இன்னொரு பத்தியும், அதனை எண்ணியவன் கையெழுத்திடச் சிறிது இடமும் இருந்தாற் போதும்.