செம்பில் சிக்கனம் வேண்டாம்

வீடு கட்டுகிறவர்கள் வாசல் கதவுக்குத் தேக்கு வேண்டும் என்கிறார்கள். தரைக்கு கிரானைட் வேண்டும் என்கிறார்கள். சுவருக்குள் ஓடும் ஒயர் என்று வரும்போது மட்டும், "எது மலிவோ அதைப் போடுங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத பொருள்தானே! முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு நூற்பாலையில் மின் பராமரிப்பு வேலை பார்த்தவன் என்ற முறையில், இந்த விஷயத்தில் என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

செம்பு நமக்குப் புதிதல்ல. சோழ ராஜாக்கள் கொடுத்த தானங்களைச் செப்பேட்டில்தான் வெட்டி வைத்தார்கள். ஆயிரம் வருஷம் கழித்தும் எழுத்தைப் படிக்க முடிகிறது. இரும்பைப் போல அது துருப்பிடித்து உதிராது. வளைத்தால் சட்டென்று ஒடியாது. இழுத்தால் தலைமுடி பருமனுக்குக் கூட கம்பியாக வரும். மின்சாரத்தைக் கடத்துவதில் வெள்ளிக்கு அடுத்த இடம் அதற்குத்தான். வெள்ளி முந்துவதும் ஐந்தாறு சதவீதம்தான். 1913-ல் செம்பையே அளவுகோலாக வைத்து, அதன் கடத்தும் திறனை 100 என்று வகுத்தார்கள். அந்தக் கணக்கில் அலுமினியத்துக்கு 61.

"தெருவில் போகிற கம்பி அலுமினியம்தானே, வீட்டுக்கு மட்டும் ஏன் செம்பு?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஒரே அளவு மின்சாரத்துக்கு அலுமினியக் கம்பி ஒன்றரை மடங்குக்கு மேல் பருமனாக வேண்டும். ஆனால் எடை செம்பில் பாதிதான் வரும். கம்பத்துக்குக் கம்பம் தொங்குகிற கம்பிக்கு அந்த எடைக் குறைவு பெரிய லாபம். வீட்டுச் சுவருக்குள் எடையைப் பற்றி யாருக்குக் கவலை? அங்கே கவலை ஜாயின்ட்டைப் பற்றித்தான்.

அலுமினியம் சூட்டில் செம்பைவிட அதிகமாக விரியும், ஆறினால் சுருங்கும். திருகாணியின் அழுத்தத்தில் மெல்ல நசுங்கியும் கொடுக்கும். காற்றுப் பட்டதும் அதன் மேல் படிகிற ஆக்சைடு படலம் மின்சாரத்தைக் கடத்தாது. மூன்றும் சேர்ந்தால் திருகாணி தளர்ந்து அந்த இடம் சூடாகும். அமெரிக்காவில் 1960-களின் பிற்பகுதியில் செம்பு விலை ஏறியபோது, வீடுகளுக்குள் அலுமினிய ஒயர் போட்டுப் பார்த்தார்கள். ஜாயின்ட்டுகள் சூடாகித் தீப்பிடித்த பிறகுதான் மறுபடி செம்புக்குத் திரும்பினார்கள்.

செம்பு போட்டுவிட்டால் மட்டும் போதுமா? போதாது. 2000 வாட் கீசர் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். வழியில் முறுக்கி டேப் சுற்றிய ஒரு மட்டமான ஜாயின்ட்டில் அரை ஓம் தடை இருப்பதாக வையுங்கள். அந்த ஒரே புள்ளியில் சுமார் 38 வாட் சூடு பிறக்கும். ரேடியோ ரிப்பேர்க்காரர் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் ஒன்றைச் சுவருக்குள் போட்டு மூடிய மாதிரி. "எம்.சி.பி. இருக்கிறதே, விழுந்துவிடாதா?" என்றால், விழாது. அது பார்ப்பது எத்தனை ஆம்பியர் போகிறது என்பதை மட்டும். 8.7 ஆம்பியர் அதற்கு வழக்கமான அளவுதான்.

நம் வயதுக்காரர்கள் பலர் இருப்பது நாற்பது, ஐம்பது வருஷத்துக்கு முந்திய வீடுகளில். அந்த ஒயரிங் நாலு பல்பு, ரெண்டு ஃபேன், ஒரு ரேடியோவுக்காகப் போட்டது. இன்று அதே ஒயரில் கீசர், இண்டக்ஷன் அடுப்பு, ஏ.சி. என்று ஏற்றிக்கொண்டே போகிறோம். மின்சாரம் இரண்டு மடங்கானால் சூடு நாலு மடங்காகும். சூடு ஏற ஏறச் செம்பின் தடையும் கூடும்; 50 டிகிரி ஏறினால் ஏறக்குறைய 20 சதவீதம் அதிகம்.

புது ஒயர் வாங்கும்போதும் ஏமாறக்கூடாது. அலுமினியத்துக்கு மேல் செம்புப் பூச்சு கொடுத்த கம்பியும் சந்தையில் உண்டு. நுனியை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு இல்லை. தராசும் பொய் சொல்லாது. செம்பு ஒரு கன சென்டிமீட்டர் ஏறக்குறைய 9 கிராம், அலுமினியம் 2.7 கிராம். 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் 90 மீட்டர் சுருளில் செம்பு மட்டுமே 2 கிலோ இருக்க வேண்டும். மேலுறையோடு சேர்த்தும் அந்த எடை வரவில்லை என்றால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

செலவு ஆகத்தான் செய்யும், மறுக்கவில்லை. ஆனால் ஏ.சி.க்கு ஆகிற பணத்தோடு பார்த்தால், அதற்கென்று மெயின் போர்டிலிருந்து தனியாக 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் இழுக்கிற செலவு பெரிதில்லை. "வெயில் தாங்காதுப்பா" என்று பிள்ளைகள் ஆசையாக ஏ.சி. வாங்கி அனுப்பினால் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளுங்கள். மாட்ட வருகிறவர் பழைய பிளக்கிலேயே சொருகப் பார்த்தால் மட்டும் விடாதீர்கள். லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒயரைப் போட்ட பிறகு மாட்டச் சொல்லுங்கள். ரெண்டு நாள் புழுக்கத்தில் படுப்பதால் ஒன்றும் ஆகிவிடாது.