சமாதானமும் பல்கலைக்கழக ஆசிரியரும்

துப்பாக்கி ஓய்ந்த நாளே சமாதானம் பிறந்த நாள் என்று கொள்வோர் பலர். அது பிழை. 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் இந்நாட்டில் யுத்தம் முடிவுற்றது. யுத்தத்தை ஈன்ற காரணங்களும் அம்மாதத்தோடு முடிந்துவிட்டனவா? இக்கேள்விக்கு அரசியல்வாதி தன் கட்சிக்கேற்ப விடை கூறுவான். உண்மைக்கேற்ப விடை கூறக் கடமைப்பட்டவர் பல்கலைக்கழக ஆசிரியர்.

சமாதானம் ஆராயத்தக்க ஒரு துறை என்பதை மேல்நாட்டுக் கல்விமான்கள் முன்னரே உணர்ந்தனர். 1959இல் நோர்வேயின் ஒஸ்லோ நகரில் யோஹான் கல்துங் சமாதான ஆய்வு நிலையமொன்றை நிறுவினார். 1973இல் இங்கிலாந்தின் பிராட்போர்ட் பல்கலைக்கழகம் இத்துறைக்கெனப் பேராசிரியர் பதவியொன்றை ஏற்படுத்தி, நைஜீரிய உள்நாட்டு யுத்தத்தில் மத்தியஸ்தராக உழைத்த அடம் கேர்ளை அதில் அமர்த்தியது. கல்துங் கூறியதன் சாரம் இதுவே: சண்டையின்மை சமாதானத்தின் ஒரு பாதி, நீதி நிலவுதல் மறு பாதி. ஒரு சாராரை உரிமையின்றி வாடவிடும் அமைப்பும் வன்முறையே.

நமது கமக்காரருக்கு இது புதிய தத்துவமன்று. எல்லை வேலியிற் சண்டை மூண்டால் விதானையார் வந்து இருவரையும் அடக்கலாம். அன்றிரவு ஊர் உறங்கும். ஆனால் உறுதியைப் பார்த்து, காணியை அளந்து, தள்ளி நாட்டிய கதியாலைப் பிடுங்கி உரிய இடத்தில் நாட்டும்வரை வழக்கு ஓயாது. பிள்ளைகள் காலத்திலும் அது தொடரும். நாட்டின் வழக்கில் உறுதியைப் படிப்பதும் எல்லையை அளப்பதும் கல்விமானின் பணி.

அப்பணியை அவர் தம் வாசலிலிருந்தே தொடங்கவேண்டும். எழுபதுகளின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தல், தமிழ் மொழியிற் பரீட்சை எழுதிய மாணவன் அதே பீடத்திற் சேர்வதற்குச் சிங்கள மொழியில் எழுதியவனைவிடக் கூடுதலான புள்ளி பெறவேண்டுமென விதித்தது. இளைஞர் நெஞ்சில் அது மூட்டிய தீயை யாவரும் அறிவர். பல்கலைக்கழக வாயிலிலேயே இழைக்கப்பட்ட அநீதியைக் கூறாது, உள்ளே இருந்து சமாதானம் போதிப்பது எங்ஙனம்?

துணிந்து உண்மை கூறியோரும் நம்மிடை இருந்தனர். 1988இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர் சிலர் மனித உரிமைகளுக்கான அமைப்பொன்றை நிறுவி, இராணுவம், இயக்கம் என்ற பேதமின்றி மக்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளை எழுத்தில் வைத்தனர். அவர்களுள் ஒருவரான உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜினி திராணகம, 1989 செப்டெம்பர் 21ஆம் நாள், பணி முடிந்து துவிச்சக்கரவண்டியில் வீடு திரும்புகையிற் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 35. அவரும் வேறு மூவரும் சேர்ந்தெழுதிய 'முறிந்த பனை' 1990இல் வெளிவந்தது. அந்நூலின் முடிபுகள் யாவற்றையும் ஏற்கவேண்டுமென்பதன்று நம் வாதம். சாட்சியம் திரட்டப்படாத இடத்தில் நீதி பிறவாது; தம் பக்கத்தாருக்கு மாறான சாட்சியத்தையும் மறையாது வைப்பதே கல்விக்கு அழகு என்பதே நம் வாதம்.

ஆகவே சமாதானக் கல்வி மகாநாட்டு மண்டபங்களோடு நின்றுவிடலாகாது. காணியிழந்த கமக்காரனின் உறுதியையும், காணாமற்போன மகனைத் தேடும் தாயின் வாக்குமூலத்தையும் அது திரட்டவேண்டும். 1956ஆம் ஆண்டுச் சட்டத்தையும் 1983 ஆடிக் கொடுமையையும் சிங்கள மாணவன் சிங்கள ஆசிரியரிடம் கற்கட்டும். 1990 ஒக்டோபரில் முஸ்லிம் மக்கள் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டதைத் தமிழ் மாணவன் தமிழ் ஆசிரியரிடம் கற்கட்டும். தன்னவரின் தவறை மாற்றான் வாயாற் கேட்பவன் சினங்கொள்வான். தன் ஆசான் வாயாற் கேட்பவன் சிந்திப்பான்.

நமக்கும் ஒரு கடன் உண்டு. இனிக்கும் உண்மைக்கு மாலையும் கசக்கும் உண்மைக்கு வசையும் வழங்கும் சமூகத்தில் நேர்மையான ஆசிரியர் நிலைத்தல் அரிது. சட்டத்தரணிகளே, வைத்தியர்களே, கமக்காரப் பெருமக்களே! உண்மை கூறும் ஆசிரியர் தனித்து நிற்கும் நாளில் அவர் பக்கம் நிற்பீர்களாக. அவரைக் காப்பது நமது வழக்கின் சாட்சியைக் காப்பதாகும்.