பன்றிக்கு விலை உண்டு, காவலுக்குக் கூலி இல்லை

கேரளத்தில் தோட்டத்துக்குள் இறங்கிய காட்டுப்பன்றியைச் சுட்டு வீழ்த்தும் துப்பாக்கிக்காரருக்கு அரசு நிர்ணயித்திருக்கும் மதிப்பூதியம் 1,500 ரூபாய். சுட்ட பன்றியைக் குழி வெட்டிப் புதைக்க 2,000 ரூபாய். சுடுகிறவரைவிட மண்வெட்டி பிடிக்கிறவருக்கு அதிகம் என்று வேடிக்கையாகப் பேசிக்கொள்ளலாம். ஆனால், இந்த இரண்டு தொகைகளுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு வேடிக்கையானது அல்ல. மனித-விலங்கு மோதலை 2024 மார்ச்சில் மாநிலத்துக்கே உரிய பேரிடராகக் கேரள அரசு அறிவித்தது. அதனால்தான் வெள்ளத்துக்கும் நிலச்சரிவுக்கும் கைகொடுக்கும் பேரிடர் நிதியிலிருந்து பன்றி சுடவும் பணம் எடுக்க முடிகிறது.

சுடுகிறவர் காவலரோ வனக்காப்பாளரோ அல்ல. உரிமம் பெற்ற துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்கும் சாதாரணக் குடிமகன். ரப்பர் தோட்டக்காரராக இருக்கலாம், ஓய்வுபெற்ற ராணுவத்தினராக இருக்கலாம், கடை நடத்துகிறவராக இருக்கலாம். வனத்துறை வைத்திருக்கும் பட்டியலில் அவர் பெயர் இருக்க வேண்டும், அவ்வளவுதான். காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன் 11-வது பிரிவு, உயிருக்கோ உடைமைக்கோ ஆபத்தாகிவிட்ட விலங்கைக் கொல்ல அனுமதிக்கும் அதிகாரத்தைத் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் கொடுத்திருக்கிறது. காட்டுப்பன்றி விஷயத்தில் அந்த அதிகாரத்தை 2022 மே மாதம் உள்ளாட்சித் தலைவர்களுக்கு இறக்கிவிட்டது கேரளம். ஊராட்சித் தலைவரே கௌரவ வன உயிரினக் காப்பாளர்; அவர் உத்தரவு போட்டால் துப்பாக்கி வரும். காட்டுப்பன்றியைத் தீங்குயிராக அறிவிக்கும்படி கேரளம் பலமுறை கேட்டும் ஒன்றிய அரசு இசையவில்லை. அதற்கு மாற்றாகக் கண்டுபிடித்த வழி இது.

நடைமுறை எப்படி இருக்கிறது? மரவள்ளியும் சேம்பும் வாழையும் பயிரிட்ட சரிவான தோட்டம். பன்றி கிழங்கைக் கடித்துவிட்டு மட்டும் போவதில்லை. மூக்கால் வரிசையாக உழுதுகொண்டே போகும். பாதி தின்று, மீதியைப் புரட்டிப் போட்டுவிடும். காலையில் பார்த்தால் ஏர் ஓட்டிய நிலம்போலக் கிடக்கும். விவசாயி மனு கொடுக்கிறார், தலைவர் உத்தரவு தருகிறார், துப்பாக்கிக்காரருக்குத் தொலைபேசி போகிறது. அவர் 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு, டார்ச் பிடிக்க ஓர் ஆளைச் சேர்த்துக்கொண்டு ஜீப்பில் வருகிறார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து உட்கார வேண்டும். பன்றிக்குப் பார்வை மந்தம், மோப்பம் அபாரம். குறி தவறினால் கூட்டம் சிதறி அடுத்த தோட்டத்துக்குப் போய்விடும். அரைகுறையாகப் பட்டால் திரும்பிப் பாயும். சரியாகப் பட்டால் வனத்துறை ஆள் வந்து பார்த்துப் பதிவுசெய்ய வேண்டும். பிறகு மண்ணெண்ணெய் ஊற்றிப் புதைக்க வேண்டும். இறைச்சியை யாரும் எடுத்துப்போய்விடக் கூடாதே!

அந்தப் பன்றி அன்றைக்கு வராமலே இருக்கலாம். பல இரவுகளில் அதுதான் நடக்கும். அந்த இரவுக்குக் கூலி கிடையாது. ஒரு தோட்டாவே நூறு ரூபாயைத் தாண்டும். பெட்ரோல், துணைக்கு வந்தவரின் தூக்கம், மறுநாள் கெட்டுப்போகும் சொந்த வேலை எல்லாம் அவர் கணக்கில். மலப்புரம், பாலக்காடு பக்கம் நாய்களோடு கூட்டமாக வந்து பகலில் தோட்டத்தைச் சுற்றிவளைத்து விரட்டிச் சுடும் குழுக்கள் உண்டு. அங்கே செலவு இன்னும் அதிகம். 1,500 ரூபாய் எதற்கும் கட்டுப்படியாகாது. ஆனாலும் வருகிறார்கள். ஏன் வருகிறார்கள் என்பதை அரசு வாய்விட்டுச் சொல்லாது. ஊரில் எல்லாருக்கும் தெரியும். வேட்டையில் ஆசை உள்ளவர்கள் வருகிறார்கள். வேட்டையை ஐம்பது ஆண்டுகளாகச் சட்டம் போட்டு ஒடுக்கிய அரசு, அதில் ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்ச ஆசையைச் சகாய விலைக்கு வாங்கிப் பயிர்க் காவல் நடத்துகிறது.

தலைக்கு இவ்வளவு என்று விலை வைப்பது நமக்குப் புதிதல்ல. 1875 முதல் 1925 வரையிலான ஐம்பது ஆண்டுகளில் பிரிட்டிஷ் இந்தியாவில் 80,000-க்கும் மேற்பட்ட புலிகளும், 1,50,000-க்கும் மேற்பட்ட சிறுத்தைகளும், சுமார் 2,00,000 ஓநாய்களும் வெகுமதிக்காகக் கொல்லப்பட்டதாக வரலாற்றாசிரியர் மகேஷ் ரங்கராஜன் கணக்கிட்டிருக்கிறார். தோலைக் காட்டு, பணத்தை வாங்கு என்பதே ஏற்பாடு. ஆளைத் தின்ற புலியா, காட்டில் மான் தின்றுகொண்டு தன்பாட்டுக்குக் கிடந்த புலியா என்று தோல் சொல்லாது. 1907-ல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைத் தேடிப் போகும்முன் ஜிம் கார்பெட் வைத்த நிபந்தனைகளில் ஒன்று, அதன் தலைக்கு அறிவித்த வெகுமதியை முதலில் ரத்து செய்ய வேண்டும் என்பது. பணத்துக்குச் சுடுகிறவன் என்று பெயரெடுக்க அவர் விரும்பவில்லை. அதில் தன்மானம் இருந்தது உண்மை. நடைமுறை அறிவும் இருந்தது என்று நான் நினைக்கிறேன்: வெகுமதிக்காகத் துப்பாக்கியோடு கண்டபடி திரிகிறவர்கள் நிறைந்த காட்டில் ஒரே ஒரு குறிப்பிட்ட புலியைத் தேடுவது எப்படி?

மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் 2018 நவம்பரில் ‘அவனி’ என்கிற புலி சுடப்பட்டபோதும் இதே விவகாரம் தலைதூக்கியது. பதின்மூன்று பேரின் மரணத்துக்குக் காரணம் என்று சொல்லப்பட்ட அந்தப் புலியைச் சுட்டது, வனத்துறை ஐதராபாத்திலிருந்து வரவழைத்த தனியார் குழுவைச் சேர்ந்தவர். கொல்ல நேர்ந்தால் அதற்காக எந்த வெகுமதியும் தரக் கூடாது என்று நீதிமன்றம் முன்கூட்டியே சொல்லியிருந்தது. புலி என்றால் காசு வாங்குவது அசிங்கம். பன்றி என்றால் விலைப்பட்டியல். உணர்ச்சியளவில் இந்த வேறுபாடு புரிகிறது. ஆனால், கொன்ற உயிருக்குப் பணம் கொடுத்தால் என்ன ஆகும் என்ற கேள்வி பன்றிக்கும் பொருந்தும்.

அதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஃபோர்ட் பென்னிங் ராணுவத் தளம் பரந்த காட்டுப் பரப்பைக் கொண்டது. அங்கே பெருகிவிட்ட பன்றிகளைக் குறைக்க, 2007-08-ல் வேட்டைக்காரர்களுக்கு ஒரு வாலுக்கு 40 டாலர் என்று அறிவித்தார்கள். சில மாதங்களில் ஆயிரத்துக்கும் அதிகமான வால்கள் வந்து குவிந்தன. ஐம்பதாயிரம் டாலருக்கு மேல் செலவானது. ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்தபோது பன்றிகள் குறையவே இல்லை. வேட்டைக்காரர்கள் பன்றியை வரவழைக்கத் தீனி போட்டார்கள். தின்ற பன்றிகள் கொழுத்துக் குட்டி போட்டன. வெளியிடங்களில் செத்த பன்றியின் வாலும் கணக்கில் சேர்ந்திருக்கலாம் என்ற சந்தேகமும் எழுந்தது. நிறைய வால் சேர்ந்ததால் திட்டம் வெற்றி என்று காகிதத்தில் எழுதியிருக்கலாம்.

காட்டுப்பன்றியின் இனப்பெருக்கம் அப்படி. ஓர் ஈற்றில் நான்கு, ஆறு குட்டிகள் சாதாரணம். கடுமையாக வேட்டையாடப்படும் இடங்களில் இளம் பெட்டைகள் சீக்கிரமே குட்டி போடத் தொடங்குவதை ஐரோப்பிய ஆய்வுகள் கண்டிருக்கின்றன. தலைக்குப் பணம் என்றால், சுடுகிறவருக்கு எளிதாகக் கிடைப்பது அனுபவமில்லாத இளம் பன்றிதான். மூன்று துப்பாக்கிச் சத்தத்தைக் கேட்டுத் தப்பிய மூத்த பெட்டை, தன் கூட்டத்தைப் பத்திரமாக வேறு வழியில் அழைத்துக்கொண்டு அதே தோட்டத்துக்கு வரும். விவசாயிக்கு வேண்டியது அறுவடை முடியும்வரை தோட்டத்துக்குள் பன்றி இறங்காமல் இருப்பது. அரசு காசு கொடுப்பதோ குழிக்குள் கிடக்கும் பன்றிக்கு. இரண்டும் வேறு வேறு.

துப்பாக்கியே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. துப்பாக்கி வராத தோட்டத்தில் என்ன வருகிறது என்று மேற்கு மலைத்தொடர் முழுக்கத் தெரியும்: வேலியில் கள்ள மின்சாரம், அல்லது தீனிக்குள் வெடியை மறைத்து வைக்கும் அவுட்டுக்காய். 2020-ல் பாலக்காட்டில் வெடி கடித்து வாய் சிதைந்த கர்ப்பிணி யானை ஆற்றுக்குள் நின்றபடியே செத்ததை நாடே பார்த்து அழுதது. பன்றிக்கு வைத்த வெடி அது. உரிமம் பெற்ற ஒருவர், உத்தரவோடு, பெயர் பதிந்து, இன்ன விலங்கு என்று பார்த்துச் சுடுவது அதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

தமிழ்நாடு வேறு பாதையில் போயிருக்கிறது. 2025 ஜனவரியில் சட்டப்பேரவையில் அறிவிக்கப்பட்ட ஏற்பாட்டின்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுட அனுமதி இல்லை. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர்வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்றைத் தாண்டினால் சுடலாம். சுடுகிறவர் பயிற்சி பெற்ற வனத்துறைப் பணியாளர். வெளியாருக்குக் காசு கொடுக்கும் சிக்கலே இதில் இல்லை என்பது உண்மை. ஆனால், பன்றித் தொல்லை பெரும்பாலும் எங்கே? காட்டை ஒட்டிய முதல் கிலோமீட்டரில். அங்கே கை கட்டப்பட்டிருக்கிறது. மூன்று கிலோமீட்டருக்கு அப்பாலோ, காட்டுத் தீ, யானை விரட்டல், மரக்கடத்தல் என்று ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வனப்பணியாளர் எந்த ஊரின் எந்த நிலக்கடலைக் கொல்லைக்கு எத்தனை இரவு வருவார்? சீருடைக்காரர் வந்து சுடுவார் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு அவரை எழுப்ப வேண்டுமே.

இரண்டு மாநிலங்களில் கேரளத்தின் வழியே செப்பனிடத் தக்கது என்பது என் கருத்து. அங்கே ஊரில் ஆள் இருக்கிறார், அதிகாரம் ஊராட்சியில் இருக்கிறது. பணம் கொடுக்கும் முறைதான் தவறு. கிழங்கு முற்றும் மாதங்களில், வாழை குலை தள்ளும் மாதங்களில், இத்தனை இரவு இந்தத் தோட்டங்களில் காவல் என்று முறை போட்டு, பன்றி விழுந்தாலும் விழாவிட்டாலும் இரவுக்கு இவ்வளவு என்று கொடுக்கலாம். தோட்டாவுக்கும் பயணத்துக்கும் தனியாகக் கொடுக்கலாம். சுடுகிறவருக்கும் டார்ச் பிடிக்கிறவருக்கும் விபத்துக் காப்பீடு இருக்க வேண்டும். இருட்டில் துப்பாக்கி வெடிக்கும் இடத்தில் காப்பீட்டைப் பற்றி யோசிக்காமல் விலைப்பட்டியல் மட்டும் போட்டது விசித்திரம்தான். செலவு கூடும். ஆனால், அது காவலுக்கான கூலி என்பதால் கேட்கவும் தணிக்கை செய்யவும் முடியும்; இளம் பன்றிகளைச் சுட்டு எண்ணிக்கை காட்ட வேண்டிய அவசியமும் போய்விடும்.

அதற்குள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். பட்டியலில் இருக்கும் பலர் வயதானவர்கள். அப்பா காலத்து உரிமத்தைப் புதுப்பித்துப் புதுப்பித்து வைத்திருப்பவர்கள். புதிதாக ஓர் இளைஞர் துப்பாக்கி உரிமம் வாங்குவது குதிரைக்கொம்பு. பொதுத் தேர்தல் அறிவித்தால் விலக்கு பெறாதவர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். வாக்கு எண்ணி முடியும்வரை பன்றிக்குத் தடையில்லாத காலம். ஒரு துறை பட்டியல் போட்டு அழைக்கிறது, இன்னொரு துறை துப்பாக்கியை வாங்கிப் பூட்டி வைக்கிறது. உள்துறையும் வனத்துறையும் உட்கார்ந்து பேசி, பட்டியலில் உள்ளவர்களுக்குத் தேர்தல் கால விலக்கையும், பயிற்சி முடித்தவர்களுக்குப் பயிர்க்காவல் உரிமத்தையும் தர வழிசெய்யாவிட்டால், இரவுக்கு எவ்வளவு கூலி வைத்தாலும் வாங்கிக்கொள்ள ஆள் இருக்காது.