துல்லியத்தின் விலை என்ன?

பொழுதுபோக்காக உலோகம் கடைவோரிடையே ஒரு வேதவாக்கு உலவுகிறது: ‘நல்ல வேலைக்கு முதலில் நல்ல கருவி வாங்கு.’ கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இங்கே ‘நல்ல’ என்பதற்கு ‘விலை உயர்ந்த’ என்றே பொருள் கொள்கிறார்கள். கற்க வருபவர் இரும்பைத் தொடுமுன் பணப்பையைத் தொட வேண்டியிருக்கிறது. இந்தப் பொருள்கோளை நான் மறுக்கிறேன்.

துல்லியமான கருவியைச் செய்யத் துல்லியமான கருவி வேண்டுமென்றால், முதற்கருவி எங்கிருந்து வந்தது? ஜோசப் விட்வொர்த் 1840இல் கிளாஸ்கோவில் நடந்த பிரித்தானிய அறிவியல் சங்கக் கூட்டத்தில் உண்மையான சமதளத்தை ஆக்கும் முறையை விளக்கினார். மூன்று இரும்புத் தட்டுகள், சிறிது வண்ணம், ஒரு சுரண்டி, அவ்வளவே. தட்டுகளை இணை மாற்றியும் திசை திருப்பியும் ஒன்றன்மீது ஒன்றை வைத்து, வண்ணம் ஒட்டும் மேடுகளைச் சுரண்ட வேண்டும். இரண்டே தட்டுகளானால் ஒன்று குழிந்தும் மற்றது குவிந்தும் பொருந்திவிடக்கூடும். மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டுமானால் மூன்றுமே சமமாக இருந்தாக வேண்டும். இத்துல்லியம் கடையிலிருந்து வரவில்லை, தருக்கத்திலிருந்து வந்தது.

இது பழங்கதை என்போர் அமெரிக்கரான டேவிட் ஜிஞ்சரியைப் பார்க்கட்டும். 1980இல் தொடங்கிய தம் நூல்வரிசையில், கரி உலையில் பழைய அலுமினியத்தை உருக்கி, மணல் அச்சில் வார்த்து, ஒரு லேத்தைச் செய்ய அவர் வழி சொன்னார். பாதி முடிந்த லேத்தே தன் மீதி உறுப்புகளைச் செய்துகொள்ளத் துணைபுரியும். அதன்பின் ஷேப்பர், மில்லிங் இயந்திரம் என்று பட்டறையே வளரும்.

அன்றாட வேலையிலும் இதுவே நிலை. லேத்தின் சுழலச்சு பெட்டுக்கு இணையாக உள்ளதா என்றறிய விலைமிக்க சோதனைத் தண்டு வேண்டும் என்பர். ஒரே பருமனுள்ள சாதாரணத் தண்டு போதும். அதைச் சக்கில் பிடித்துச் சுழற்றி, டயல் கேஜ் காட்டும் உச்ச அளவையும் தாழ்ந்த அளவையும் கூட்டி இரண்டால் வகுக்க வேண்டும். சக்கின் அருகிலும் மறுமுனையிலும் இவ்வாறு கண்ட சராசரிகளின் வேறுபாடே லேத்தின் கோணல். தண்டு சற்று வளைந்திருந்தாலும் அவ்வளைவு சராசரியில் கழிந்துவிடும்.

‘டயல் கேஜை வாங்கத்தானே வேண்டும்?’ என்பீர்கள். வேண்டும்தான். நான் வாங்குவதற்கு எதிரியல்லன். யோசிக்காமல் வாங்குவதற்கே எதிரி. உருகிய உலோகத்தில் ஈரம் பட்டால் அது வெடித்துச் சிதறும். ஆகவே கண்ணுக்கும் கைக்குமான காப்பில் சிக்கனம் பேசுவோரும் என் கட்சியினர் அல்லர்.

‘காலம் பொன்னல்லவா?’ என்பது அவர்களின் இறுதி வாதம். கூலிக்கு வேலை செய்யும் பட்டறைக்கு அது முற்றிலும் பொருந்தும். பொழுதைப் போக்க வந்தவர் பொழுது மிச்சமாகவில்லையே என்று வருந்துவதுதான் விந்தை. அந்த நேரத்தில்தானே உலோகத்தின் இயல்பு கைக்குப் பிடிபடுகிறது? அதை விட்டுவிட்டுக் கருவியை மட்டும் வாங்கியவர், வேலை கோணும்போது அதைவிட விலையுயர்ந்த கருவியைத் தேடுகிறார். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்!

ஆகவே, ஆர்வத்தோடு வரும் இளைஞரிடம் விலைப்பட்டியலை நீட்டாதீர்கள். ஓர் அரத்தையும் இரும்புத் துண்டையும் கொடுத்து, அதன் ஒரு முகத்தைச் சமமாக்கச் சொல்லுங்கள். அதைச் செய்து முடித்தவருக்கு எந்தக் கருவி தேவை, எது தேவையில்லை என்று பிறர் சொல்ல வேண்டியிராது.