பெயருக்குப் பதில் வராத இரவு

2021 அக்டோபர் 4, திங்கட்கிழமை. இந்திய நேரப்படி இரவு ஒன்பது மணி தாண்டிச் சில நிமிடங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்திக்கு ஒற்றை டிக் கூட விழவில்லை. இன்ஸ்டாகிராம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஃபேஸ்புக் திறக்கவே இல்லை. பலர் முதலில் சந்தேகப்பட்டது தங்கள் மோடத்தைத்தான். அணைத்துப் போட்டார்கள், ஃபோனை ரீஸ்டார்ட் செய்தார்கள். சுமார் ஆறு மணி நேரம் எதுவும் பலிக்கவில்லை.

பழுது கடல் தாண்டி இருந்தது. ஃபேஸ்புக்கின் தரவு மையங்களை ஒன்றோடொன்று இணைக்கும் முதுகெலும்பு வலையமைப்பில் வழக்கமான பராமரிப்பு வேலை நடந்துகொண்டிருந்தது. அதன் கொள்ளளவைச் சோதிக்கக் கொடுத்த ஒரு கட்டளை, அத்தனை இணைப்புகளையும் அறுத்துவிட்டது. இப்படிப்பட்ட கட்டளையைத் தடுக்கவென்றே ஒரு தணிக்கைக் கருவி இருந்தது. அதிலும் பிழை.

அடுத்து நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. இணையத்தில் ஒவ்வொரு தளத்துக்கும் எண்களால் ஆன முகவரி ஒன்று உண்டு. நாம் தட்டும் பெயரை அந்த எண்ணாக மாற்றித் தருவது டி.என்.எஸ். பால் மொக்கபெட்ரிஸ் 1983இல் வடிவமைத்த ஏற்பாடு இது. ஃபேஸ்புக்கின் டி.என்.எஸ். சர்வர்கள், தரவு மையங்களோடு பேச முடியாவிட்டால் தங்களிடமே கோளாறு என்று கருதி, தங்களை அடையும் வழியை உலகுக்கு அறிவிப்பதை நிறுத்திக்கொள்ளும்படி அமைக்கப்பட்டிருந்தன. அன்று அப்படியே நிறுத்திக்கொண்டன. சர்வர்கள் ஓடிக்கொண்டிருந்தன, அவற்றை அடையும் வழி யாருக்கும் தெரியவில்லை. பெயரைக் கேட்டவர்களுக்குப் பதில் இல்லை. பதில் கிடைக்காத செயலிகள் மறுபடி மறுபடி கேட்டதில், கிளவுட்ஃபிளேர் நடத்தும் பொது டி.என்.எஸ். சேவைக்கு வழக்கத்தைவிட 30 மடங்கு கேள்விகள் வந்து குவிந்தன.

பழுது பார்க்க வேண்டிய பொறியாளர்களின் உள்கருவிகளும் அதே வலையமைப்பை நம்பியிருந்தன. ஆகவே ஆட்களை நேரில் தரவு மையத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தது. வெளியார் நுழையக் கூடாதென்று போட்ட பாதுகாப்பு, சொந்த ஆட்களையே தாமதப்படுத்தியது.

தளம் திறக்கவில்லை என்றால் பெயரில் சிக்கலா, வழியில் சிக்கலா, சர்வரிலா என்று பிரித்துப் பார்ப்பதுதான் பாதி வைத்தியம். வழி பிசகிய கதைக்கு 2008 பிப்ரவரி 24 சாட்சி. யூடியூபைத் தன் நாட்டுக்குள் தடுக்கப் பாகிஸ்தான் டெலிகாம் போட்ட பொய் வழி வெளியே கசிந்து, உலகின் பல பகுதிகளில் யூடியூப் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் எட்டாமல் போனது. பெயர் சரியாகத்தான் இருந்தது.

வீட்டில் இதைக் கண்டுபிடிக்கப் பொறியாளராக இருக்க வேண்டியதில்லை. வேறு தளங்கள் திறக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் அதே தளத்தைத் திறந்து பாருங்கள். அங்கே திறந்தால் சிக்கல் பெரும்பாலும் உங்கள் இணைப்பின் பக்கம். திரையில் வரும் வாசகத்தையும் வாசியுங்கள். ‘டி.என்.எஸ்.’ என்ற எழுத்துகள் இருந்தால் பெயர் எண்ணாக மாறவில்லை. ‘டைம்டு அவுட்’ என்றால் குறித்த நேரத்துக்குள் பதில் வரவில்லை. 404 வந்தால் ஆறுதல் கொள்ளலாம்: தளம் உயிரோடு இருக்கிறது, கேட்ட பக்கம்தான் அங்கே இல்லை.

தளத்தின் அடையாளத்தை உறுதிசெய்யும் சான்றிதழ் பற்றி எச்சரிக்கை வந்தால் முதலில் கருவியின் தேதியைச் சரிபாருங்கள். தேதி பிசகியிருந்தால் நல்ல சான்றிதழும் செல்லாததாகத் தெரியும். ஃபேஸ்புக் முடங்குவதற்கு நான்கு நாள் முன்பு, 2021 செப்டம்பர் 30 அன்று, லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு தளங்களுக்கு வழங்கும் சான்றிதழ்களுக்குப் பின்னணியாக இருந்த பழைய மூலச் சான்றிதழ் ஒன்று காலாவதியானது. புதுப்பிக்கப்படாத பழைய ஐபோன்களிலும் மேக் கணினிகளிலும் பல தளங்கள் திறக்க மறுத்தன. அந்தத் தளங்களில் எந்தக் குறையும் இல்லை.

ஒரு வேண்டுகோள். தளத்தை நடத்துபவரிடம் புகார் சொல்லும்போது ‘சைட் ஓப்பன் ஆகலை’ என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். திரையில் வந்த வாசகம் முழுவதையும் படம் எடுத்து அனுப்புங்கள். எத்தனை மணிக்கு வந்தது, வைஃபையிலா மொபைல் டேட்டாவிலா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.