சூரியப் புயல் வந்தா கோவில்பட்டிக்கு என்ன ஆகும்? பூமியின் காந்தக் கவசம் வேலை செய்வது இப்படித்தான்!

கோவில்பட்டிக்காரங்களுக்குக் காற்று புதுசு இல்லை. கயத்தாறு பக்கம் போனாலே காற்றாலைகள்தான். ஆனால் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு காற்றும் பூமியை நோக்கி நிற்காமல் வீசுகிறது. அதுதான் சூரியக் காற்று.

சூரியக் காற்று என்றால் என்ன?

சூரியனிலிருந்து வெளியேறும் மின்னூட்டத் துகள்களின் ஓட்டம். வேகம், வினாடிக்கு சுமார் 400 கிலோமீட்டர். இந்த வேகத்தில் போனால் கோவில்பட்டியிலிருந்து சென்னைக்கு ஒன்றரை வினாடிதான்!

தடுப்பது எது?

பூமியின் காந்தப்புலம். பாலத்தின் தூணில் மோதும் ஆற்று வெள்ளம் இரண்டாகப் பிரிந்து போவது போல, சுமார் 65,000 கி.மீ. தொலைவிலேயே சூரியக் காற்று விலகிவிடுகிறது.

கவசம் எப்போது திறக்கும்?

சூரியக் காற்று தன்னோடு ஒரு காந்தப்புலத்தையும் சுமந்து வருகிறது. அது தெற்கு நோக்கி இருந்தால், வடக்கு நோக்கிய பூமியின் புலத்தோடு இணைந்துவிடும். கதவு திறந்த மாதிரி ஆற்றல் உள்ளே நுழையும். 2024 மே 10, 11 தேதிகளில் நடந்தது இதுதான். 20 ஆண்டுகளில் வந்த மிகப்பெரிய புயல் அது. லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்தது. அமெரிக்காவில் ஜிபிஎஸ் குழம்பி, விதைப்பு நேரத்தில் டிராக்டர்களை நிறுத்த வேண்டியதாயிற்று.

சரி, நமக்கு என்ன?

காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்கோடிக்கு அருகே போகிறது. இங்கே காந்தப்புலம் தரைக்கு இணையாகப் படுத்துக் கிடப்பதால் துகள்கள் கீழே இறங்காது, வண்ண ஒளியும் தெரியாது. அதற்காக பாதிப்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. நம் தலைக்கு மேலே 100 கி.மீ. உயரத்தில் பகலில் ஒரு மின்னோட்டம் ஓடுகிறது. புயல் வந்தால் அதுவும் தடுமாறும், ஜிபிஎஸ் சிக்னலும் பிசகலாம். இதையெல்லாம் திருநெல்வேலியில் உள்ள இந்திய புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் பதிவு செய்கிறது.

கரிசல் மண்ணில் உளுந்து, பாசி விதைப்பவர்கள் வானம் பார்த்துத்தான் விதைக்கிறார்கள். அந்த மழை முன்னறிவிப்புக்குச் செயற்கைக்கோள்கள் வேண்டும். சூரியப் புயலில் முதலில் சிக்குவதும் அவைதான்.

முன்கூட்டியே தெரியுமா?

சூரியனில் வெடிப்பு நடந்தால் ஓரிரு நாள் முன்பே தெரியும். ஆனால் வரும் காந்தப்புலம் தெற்கா, வடக்கா என்பது பூமியை நெருங்கிய பிறகே தெரியும். அதை அளக்கும் கருவி 15 லட்சம் கி.மீ. தொலைவில் உள்ள ஆதித்யா எல்-1 விண்கலத்தில் இருக்கிறது. அதன் திட்ட இயக்குநராக இருந்தவர் செங்கோட்டையைச் சேர்ந்த நிகார் ஷாஜி. அந்த இடத்தைத் தாண்டிய காற்று பூமிக்கு வர ஒரு மணி நேரம். வேகமான புயல் என்றால் அரை மணி நேரம். அவ்வளவுதான் அவகாசம்!

போனை ஆஃப் பண்ணணுமா?

தேவையே இல்லை. தரையில் இருக்கும் நமக்கு உடல்ரீதியாக ஆபத்து இல்லை. மேப் கொஞ்சம் வழி தப்பிக் காட்டினால், டீக்கடையில் விசாரித்துக்கொள்ளலாம்.